அறுந்த நரம்பு திரும்ப வளர உடம்புட நிர்ப்பீடனம் உதவுமா? வாப்பாட கை சம்பந்தமா ஒரு கேள்வி

மருதமுனைப்புள்ள:

அஸ்ஸலாமு அலைக்கும், மத்த ஆக்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், தெரிஞ்சவங்க பொறுமையா வாசிச்சு பதில் சொல்லுங்க.

எங்கட வாப்பா கைத்தறி நெய்யிறவரு, வயசு 54. ரெண்டரை மாசத்துக்கு முன்ன ஊட்டு ஜன்னல் கண்ணாடி மாத்தக்குள்ள அது ஒடஞ்சு வலது மணிக்கட்டுல உள்பக்கமா ஆழமா வெட்டிட்டு. ஒப்பரேஷன் செஞ்சு தசைநாரும் நடுவுல போற நரம்பும் தைச்சிருக்கம் எண்டு டொக்டர் சொன்னாரு. காயம் நல்லா ஆறிட்டு, விரல் மடங்குது, நீளுது. ஆனா பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல்ல பாதி, இதுகள்ல ஒரு உணர்ச்சியும் இல்ல. போன கிழமை பிளேன்டீ கோப்பையப் பிடிச்சிக்கிட்டு யாரோடயோ கதைச்சிட்டிருந்தவரு, விரல் சிவந்து கொப்புளம் போட்டதே அவருக்குத் தெரியா, உம்மா கண்டுதான் கோப்பைய பறிச்சா.

முன்னெல்லாம் வாப்பா நூலப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல வெச்சு ஒருக்கா உருட்டினாப் போதும், இது நாப்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் எண்டு கண்ண மூடிட்டே சொல்லிருவாரு. இப்ப நூல் கையில இரிக்கா இல்லயா எண்டே பாத்துத்தான் தெரியணும். அவரு வாய்விட்டு ஒண்டும் சொல்றல்ல, அசருக்குப் பொறகு தறியில போய் சும்மா குந்திட்டு வாறாரு, எங்களுக்கு அதுதான் தாங்கேலாம இரிக்கி.

இப்ப என்ட குழப்பம் என்னண்டா, கட்டார்ல இரிக்கிற மாமா ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு, அடிபட்ட நரம்ப வெள்ளை ரத்த அணு தின்னுதாம், அதால நிர்ப்பீடனத்த, அதான் உடம்புட நோய் எதிர்ப்புச் சக்திய, குறைக்கிற மருந்து எடுக்கணுமாம். ஏலெவல் பயோ படிக்கிற என்ட தம்பி அதுக்கு மாறா, அந்த அணு தின்னாத்தான் நரம்பு வளரும் எண்டு வாசிச்சேன் எண்டுறான். பக்கத்து ஊட்டு ராத்தா எதிர்ப்புச் சக்தி கூட்டுற ஒரு பவுடர் வாங்கிக் குடுங்க எண்டு நிக்கா, அது ஒரு டின் ஆறாயிரம் ரூவா. ஆர் சொல்றது சரி? தைச்ச நரம்பு ரெண்டரை மாசமாகியும் வேல செய்யல்லண்டா தையல் பிழைச்சிட்டா?


வாவிக்கரை ரீச்சர்:

வணக்கம் தங்கச்சி. நான் மட்டக்களப்பு, கிழக்குப் பல்கலைக்கழகத்துல உயிரியல் படிச்சுப்போட்டு இப்ப ஏலெவல் புள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். நான் டொக்டர் இல்ல, அதால மருந்து பத்தி ஒண்டும் சொல்லமாட்டன், ஆனா உள்ளுக்க என்ன நடக்குது எண்டதச் சொல்லலாம். முதல் வார்த்தை: உங்கட தம்பி சொன்னதுதான் சரி, அவனுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்க.

உங்கட வாப்பாட தொழிலையே வெச்சுச் சொல்றன். தறியில ஒரு பாவு நூல் அறுந்தா என்ன செய்வாரு, ரெண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுவாரு, மறுகா நெசவு ஓடும். நரம்பத் தைக்கிறதையும் நாம அப்படித்தான் நினைக்கிறம், ஆனா அங்க தைக்கிறது நூல இல்ல, நூல்கட்டு உள்ளுக்க போற உறைய. மணிக்கட்டுல போற அந்த நரம்புக்குள்ள ஆயிரக்கணக்குல இழை இருக்கு, ஒவ்வொரு இழையும் ஒரு கலத்துட நீட்சி, உணர்ச்சி இழைட கலம் கழுத்தெலும்புக்குப் பக்கத்துலயும் தசைய அசைக்கிற இழைட கலம் முதுகெலும்புக்குள்ளால போற முண்ணாணுக்குள்ளயும் இருக்கும், அங்க இருந்து ஒரே இழையா விரல் நுனி மட்டும் வரும். மணிக்கட்டுல வெட்டுப்பட்டா அதுக்குக் கீழ இருக்கிற துண்டு கலத்த விட்டுப் பிரிஞ்சது, அதை எவ்வளவு திறமா தைச்சாலும் அது செத்துப்போகும். மேல இருந்து புது இழை முளைச்சு, பழைய உறைக்குள்ளால விரல் நுனி மட்டும் நடந்து வரணும். தையல் செய்யிறது அந்தப் பாதைய நேர்ப்படுத்துறது மட்டும்தான்.

கீழ்த்துண்டு செத்துப்போறத முதல்ல விவரமா எழுதினவர் அகஸ்டஸ் வாலர், 1850ல, தவளைட நாக்குக்குப் போற நரம்ப வெட்டிப்போட்டு மைக்ரஸ்கோப்புல பாத்தவர். இண்டைக்கும் அதுக்கு வாலர் சிதைவு எண்டுதான் பேர்.

இப்ப நிர்ப்பீடனத்துக்கு வாறன். இழை செத்தா அதைச் சுத்தியிருந்த மயலின், அதுதான் கரண்ட் வயருக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி ஒரு கொழுப்புறை, துண்டு துண்டா உடைஞ்சு பாதைய அடைச்சுப்போடும். வெறும் அடைப்பு எண்டாலும் பரவாயில்ல, மயலின்ட சில புரதங்கள் வளர வாற இழைய நிறுத்தியும் போடும். அப்ப அதை அள்ளிக் கொட்ட ஆக்கள் வேணும். முதல்ல அங்கயே இருக்கிற சுவான் கலங்கள் தொடங்கும், மயலின் செய்யிற தங்கட பழைய வேலைய விட்டுப்போட்டு குப்பைய தின்னுறதுக்கும் ஆள் கூப்பிடுறதுக்கும் மாறும். அதுகள் விடுற சமிக்ஞைக்கு ரத்தத்துல இருந்து முதல் நாளே நியூட்ரோபில் எண்ட வெண்குழியம் வரும், பொறகு மக்ரோபேஜ் எண்ட தின்னுற வெண்குழியம் கூட்டங்கூட்டமா வரும். மாமா சொன்ன அந்த நரம்பத் தின்னுற அணு இதுதான், அவர் பொய் சொல்லயில்ல, ஆனா அது தின்னுறது செத்த துண்ட. சூறாவளிக்குப் பொறகு ரோட்டுல விழுந்து கிடக்கிற மரத்த வெட்டி எடுக்காம பஸ் ஓடாது, 78 சூறாவளியக் கண்ட எங்கட ஊர்ப் பெரியாக்களக் கேட்டா அது எவ்வளவு பெரிய வேலை எண்டு சொல்லுவாங்க, அந்த வேலையத்தான் இதுகள் செய்யுது.

இது சும்மா ஊகம் இல்ல. வெட்டின நரம்பு வாரக்கணக்குல சிதையாமக் கிடக்கிற ஒரு எலி இனத்தப் பத்தி 1989ல எழுதினாங்க. அந்த எலில நரம்பு வெட்டுப்பட்ட இடத்துக்கு மக்ரோபேஜ் வாறது மிச்சம் குறைவு. சிதையாட்டி நல்லம்தானே எண்டு நாம நினைப்பம், ஆனா பிறகு பாத்தா அதுகள்ல உணர்ச்சி இழை வளர்றது பிந்திப் போகுது, பழசு இடத்த விட்டாத்தான் புதுசுக்கு வழி. இதப் படிப்பிக்கிற ஒவ்வொரு வருசமும் எனக்கு மயிர் கூச்செறியும்.

அதோட முடியல்ல. தைச்ச இடத்துல, இல்லாட்டி ரெண்டு நுனிக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அங்க, ரத்தக்குழாய் இல்ல, ஒட்சிசன் குறைவு. 2015ல எலிகள்ல கண்டுபிடிச்சது என்னண்டா, அந்த ஒட்சிசன் குறைவ முதல்ல உணர்றது மக்ரோபேஜ், உடன ரத்தக்குழாய் வளரச்செய்யிற ஒரு புரதத்த விடும், புது ரத்தக்குழாய் அந்த இடைவெளிக்குக் குறுக்கால வளரும், அந்தக் குழாய்ல தொத்திக்கொண்டு சுவான் கலங்கள் ஊர்ந்து போகும், அதுகளுக்குப் பின்னால நரம்பிழை போகும். பந்தல்ல முதல்ல கயிறு கட்டுவம், பொறகு பாகல் கொடி ஏறும், அந்த மாதிரி. கழுத்துப் பக்கம் இருக்கிற நரம்புக்கலத்துக்குக் கிட்டயும் மக்ரோபேஜ் சேருது, வெட்டுப்பட்டது மணிக்கட்டுல, இதுகள் கூடுறது அங்க, கலத்த வளர்ச்சிக்கு மாத்திவிடுறதுல அதுகளுக்கும் பங்கு இருக்கு எண்டு எலி ஆராய்ச்சிகள் காட்டியிருக்கு.

அப்ப நிர்ப்பீடனத்தக் கூட்டினா நல்லம்தானே எண்டு ராத்தா கேப்பா. கூட்டுறது குறைக்கிறது இல்ல விசயம், நேரத்துக்கு வந்து நேரத்துக்கு மாறணும். மக்ரோபேஜ் முதல்ல சண்டைக்காரனா வந்து குப்பைய முடிச்சுப்போட்டு பொறகு ஆத்துற ஆளா மாறவேணும், மாறாம நிண்டா அதுவே புண்ணாக்கும். வயித்தோட்டத்துக்குப் பொறகு சில பேருக்கு கைகால் எல்லாம் சோர்ந்து விழுமே, கியான் பாரே நோய், அது நிர்ப்பீடனமே நல்ல நரம்பத் தாக்குறதால வாறது. அதால ஆறாயிரம் ரூவா பவுடர் வேண்டாம், அந்தக் காசுக்கு வாப்பாக்கு முட்டையும் மீனும் வாங்கிக் குடுங்க.


படுவான்கரையான்:

மகள், ரீச்சர் சொன்னதெல்லாம் எனக்கு முழுசா விளங்கல்ல, ஆனா கையில பட்டவன் நான், அதால ரெண்டு சொல் எழுதுறன்.

வவுணதீவுப் பக்கம் வட்டைக்குள்ள வரம்புல வழுக்கி தாக்கத்தி மேல விழுந்து முழங்கைக்குக் கிட்ட வெட்டு, ஏழு வருசம் ஆகுது. அந்த நேரம் போன இடத்துல தோலைத் தைச்சு அனுப்பிட்டாங்க, நரம்பு அறுந்தத ஆரும் பாக்கல்ல, நானும் சின்னவிரல் விறைச்சிருக்கு, காயம் ஆற சரியாப்போகும் எண்டு நினைச்சுக்கொண்டு அந்தப் போகம் வேளாண்மையும் வெட்டி முடிச்சன். நாலு மாசத்துக்குப் பொறகு கை ஒருமாதிரி கொக்கி மாதிரி வளைஞ்சு வந்தாப்போலதான் வேற ஒரு டொக்டர் பாத்திட்டு நரம்பு அறுந்திருக்கு எண்டு சொல்லி ஒப்பரேஷன் செஞ்சவர். அவர் அண்டைக்கு சொன்ன கணக்கு இப்பவும் மனசுல இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர், ஒரு மாசத்துக்கு மூண்டு சென்ரிமீற்றர், முழங்கையில இருந்து சின்னவிரல் நுனி மட்டும் நீங்களே அளந்து பாருங்க எண்டார். நான் வீட்ட வந்து தையல் நாடாவால அளந்தன், நாப்பத்திரெண்டு சென்ரிமீற்றர். மனிசி பக்கத்துல நிண்டு விரல் மடிச்சு எண்ணி, பதினாலு மாசம் எண்டா.

அதே மாதிரித்தான் வந்தது மகள். ஒரு வருசம் கழிச்சு ஒரு நாள் ராவு சின்னவிரல் அடியில எறும்பு ஊர்ற மாதிரி, லைட்டப் போட்டுப் பாத்தா எறும்பு இல்ல. இப்ப சின்னவிரல்ல சூடு குளிர் தெரியும். ஆனா விரல விரிக்கிற சின்னச் சதைகள் வரயில்ல, ஒரு பேப்பர் துண்ட ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிக்கச் சொன்னா இப்பவும் வழுகிப்போகும். நரம்பு வந்து சேர முதல் சதை காத்திருந்து செத்துப்போச்சு எண்டு சொன்னாங்க, ஒரு வருசம் ஒண்டரை வருசத்துக்கு மேல அது காத்திருக்காதாம். அந்த நாலு மாசம் வீணாப்போகாட்டி இன்னும் கொஞ்சம் வந்திருக்கும், அது எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள கிடக்கு. உங்கட வாப்பாக்கு உடனயே தைச்சிருக்கு, தூரமும் கிட்ட. மணிக்கட்டுல இருந்து சுட்டுவிரல் நுனிய அளந்து பாருங்க, பயப்படாதீங்க.


பிசியோ கல்முனை:

ஐயா சொன்ன கணக்கு சரி, ஆனா தைச்ச அண்டே வளரத் தொடங்காது, ரீச்சர் சொன்ன சுத்தம் பண்ணுற வேலையும் தைச்ச இடத்தத் தாண்டுறதும் எண்டு முதல் மூண்டு நாலு கிழமை போயிரும். அப்ப தங்கச்சிட வாப்பாக்கு ரெண்டரை மாசத்துல மிச்சம் நாப்பத்தஞ்சு அம்பது நாள், அதாவது நாலரை அஞ்சு சென்ரிமீற்றர். இப்ப உள்ளங்கை நடுவுல நிக்கணும். விரல்ல உணர்ச்சி இல்லாதது தையல் பிழைச்சதுக்கு அடையாளம் இல்ல, இன்னும் அங்க போய்ச் சேரல்ல, அவ்வளவுதான்.

இத ஊட்டுல வெச்சே பாக்கலாம். வாப்பாட விரல் நுனியில இருந்து மணிக்கட்டுப் பக்கமா, நரம்பு போற கோட்டுல, உங்கட விரலால மெல்லத் தட்டிட்டு வாங்க. ஒரு இடத்துல தட்டக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி விரலுக்குள்ள ஓடுது எண்டு சொல்லுவாரு, அந்த இடம் வரைக்கும் புது இழை வந்திரிக்கி. 1915ல, முதலாம் உலகப் போர் நேரம், பிரான்ஸ்ல டினெல் எண்டவரும் ஜெர்மனில ஹொஃப்மன் எண்டவரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எழுதினது இது, நூறு வருசம் தாண்டியும் இண்டைக்கும் கிளினிக்குல நாங்க தட்டித்தான் பாக்கிறம். பேனையால அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க, கிழமைக்கு ஒருக்கா ஒரே நாள்ல பாருங்க. கோடு முன்னுக்குப் போனா சந்தோசம், ரெண்டு மூண்டு மாசம் அசையாம ஒரே இடத்துல நிண்டா கட்டாயம் தைச்ச டொக்டரப் போய்க் காணுங்க, அங்க முடிச்சுக் கட்டியிருக்கலாம்.

மருந்து விசயம். நோவுக்கு டொக்டர் எழுதின குளிசைய உங்கட பாட்டுக்கு நிப்பாட்ட வேண்டாம், வீக்கம் நல்லது எண்டு ஆரோ சொன்னாங்க எண்டு நோவத் தாங்கிட்டு கைய அசைக்காம வெச்சா விரல் பூட்டு இறுகிப்போகும், அது நரம்ப விடப் பெரிய தலையிடி. அதே மாதிரி நிர்ப்பீடனத்தக் குறைக்கிற ஸ்டீரொய்ட் குளிசைய மாமா சொன்னாரு எண்டு பாமசில வாங்கிப் போடவும் வேணாம். முகம் ஒரு பக்கம் கோணிப்போற வருத்தத்துக்கு மூண்டு நாளைக்குள்ள ஸ்டீரொய்ட் குடுக்கிறது உண்மை, அங்க நரம்பு எலும்புக் குழாய்க்குள்ள வீங்கி நெரிபடுது, அதுக்குக் குடுக்கிற, வெட்டுப்பட்ட கைக்கு அது இல்ல. பி விட்டமின் குளிசை கணக்குமீறிப் போடாதீங்க, பி6 கூடினா அதுவே நரம்பக் கெடுக்கும். சீனி வருத்தம் இரிக்கா எண்டு ஒருக்கா ரத்தம் பாருங்க, சீனி கூடினவங்களுக்கு இந்தச் சுத்தம் பண்ணுற வேலையும் மந்தம், வளர்றதும் மந்தம். வாப்பா சிகரட் குடிக்கிறவரு எண்டா அதையும் விடச் சொல்லுங்க.

கோப்பை விசயம் எனக்கு ஆகக் கவலை. உணர்ச்சி வாற வரைக்கும் சூடான எதையும் இடது கையால, வலது கைக்குத் துணி சுத்தி. ராவைக்குப் படுக்கப்போக முதல் விரல் எல்லாம் வெளிச்சத்துல பாக்கணும், வெட்டோ கொப்புளமோ இரிக்கா எண்டு. பெருவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒட்டி இறுகாம இரிக்க ஒரு பட்டை செஞ்சு தருவாங்க, கிளினிக்குல கேளுங்க.


மருதமுனைப்புள்ள:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹு ஹைரன், ரீச்சர், ஐயா, பிசியோ காக்கா, எப்படி நன்றி சொல்ற எண்டே தெரியல்ல. இப்பதான் இஷாவுக்குப் பொறகு தட்டிப் பாத்தம். விரல்ல ஒண்டும் இல்ல, விரல் அடியில ஒண்டும் இல்ல, உள்ளங்கைக்கு வந்து நடுவால கொஞ்சம் மேல தட்டினன், வாப்பா கைய வெடுக்கெண்டு இழுத்துட்டாரு! என்ன எண்டு கேட்டா சுட்டுவிரலுக்குள்ள மின்னல் மாதிரி ஓடினதாம், திருப்பித் தட்டு, திருப்பித் தட்டு எண்டு நாலஞ்சு தரம் தட்ட வெச்சாரு. அளந்தா தைச்ச இடத்துல இருந்து சரியா நாலு சென்ரிமீற்றருக்கு மேல. உம்மா அழுதுட்டா. தம்பி நீலப் பேனையால கோடு போட்டு பக்கத்துல திகதியும் எழுதிட்டான்.

சீனி பாத்தது, கொஞ்சம் கூட, மருந்து தொடங்கியிரிக்கி. இன்னொண்டு, நோன்பு வருது. நோன்பு பிடிச்சா நரம்பு வளரும் எண்டும் ஒரு வீடியோ வந்திரிக்கி, இது உண்மையா, இல்ல இதுவும் மாமாட வொய்ஸ் மெசேஜ் மாதிரியா?


வாவிக்கரை ரீச்சர்:

நாலு சென்ரிமீற்றர்! வாசிச்சு எனக்கும் கண் கலங்கிட்டு.

நோன்புக் கதைக்கு ஒரு வேர் இருக்கு, ஆனா வீடியோக்காரர் இழுத்த அளவுக்கு நீளம் இல்ல. 2022ல லண்டன்ல ஒரு குழு எலிகள ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி போட்டுப் பாத்தது, அதுகள்ட கால் நரம்பு கூடுதலா வளந்தது. ஏன் எண்டு தேடிப் போனா குடல்ல இருக்கிற ஒரு பற்றீரியா செய்யிற ஒரு பொருள் ரத்தத்துல கூடியிருக்கு, அந்தப் பொருள் நியூட்ரோபில்கள நரம்புக்கலம் இருக்கிற இடத்துக்கு வரவைக்குது, அதால வளர்ச்சி. அப்ப இதுலயும் கடைசில வந்து நிக்கிறது நிர்ப்பீடனம்தான், குடல்ல தொடங்கி முதுகெலும்புப் பக்கம் வந்து விரல்ல முடியிற கதை. ஆனா அது எலி, மனிசர்ல நிறுவினது இல்ல, எங்கட நோன்புட முறையும் வேற. சீனிக்கு மருந்து தொடங்கினவரு நோன்பு பிடிக்க முதல் மருந்து நேரத்த டொக்டரோட கதைக்கணும், நரம்புக்காக எண்டு தனியாப் பட்டினி கிடக்க வேண்டாம்.


கிரான் தம்பி:

இடையில வந்து கேக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க ரீச்சர். என்ட அண்ணன் தென்னையில இருந்து விழுந்து முண்ணாண் அடிபட்டு மூண்டு வருசமா சக்கர நாற்காலி. கையில வளருதெண்டா முதுகுல ஏன் வளராது? அதே ரத்தம், அதே வெண்குழியம்தானே. அண்ணன் என்னட்டக் கேட்ட கேள்வி இது, எனக்குப் பதில் தெரியல்ல.


வாவிக்கரை ரீச்சர்:

தம்பி, அண்ணன் கேட்டது லேசான கேள்வி இல்ல, ஆராய்ச்சிக்காரர் தலைமுறை தலைமுறையா கேக்கிற கேள்வி. உனக்கும் அவருக்கும் ஒண்டையும் மறைக்காமச் சொல்றன், நம்பிக்கை குடுக்கிறதுக்காக கூட்டியும் சொல்லமாட்டன்.

முதல்ல முண்ணாண் இழைக்கு வளர்ற சத்து அறவே இல்ல எண்டுதான் நினைச்சிருந்தவங்க. 1981ல கனடாவுல, மொன்றியல்ல, சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ எண்ட ரெண்டு பேர் எலிட கால் நரம்புத் துண்டு ஒண்ட எடுத்து, ஒரு நுனிய மூளையடியிலயும் மறு நுனிய முண்ணாண்லயும் வெச்சுத் தைச்சாங்க, முண்ணாண் இழை அந்தக் கால் நரம்புத் துண்டுக்குள்ளால சென்ரிமீற்றர் கணக்குல வளந்து போச்சு, ஆனா மறுபக்கம் திரும்ப முண்ணாணுக்குள்ள நுழைஞ்ச உடன நிண்டு போச்சு. அப்ப இழையில மட்டும் குறை இல்ல, இடத்துலயும் இருக்கு.

அந்த இடத்துல என்ன வித்தியாசம் எண்டா, கையில மயலின் செய்யிறது சுவான் கலம், அது குப்பை அள்ளும், ஆள் கூப்பிடும், பாதையும் போடும். முண்ணாண்ல அந்த வேலைக்கு இருக்கிறது வேற கலம், அது இதுல ஒண்டும் செய்யாது. கையில கிழமைக்கணக்குல துடைச்செடுக்கிற மயலின் குப்பை முண்ணாண்ல மாசக்கணக்கா, மனிசர்ல வருசக்கணக்காவும் கிடக்கும், அதுல வளர்ச்சிய நிறுத்துற புரதமும் இருக்கு, அதுக்கு மேல தழும்பும் கட்டும். வெண்குழியம் வாறதும் பிந்தி, வந்தாலும் சண்டைக்காரனாவே நிண்டு போகும், ஆத்துற ஆளா மாறுறது குறைவு.

அப்ப கையில வாற மாதிரி மக்ரோபேஜ அங்க கொண்டுபோய் விட்டா? அதையும் செஞ்சு பாத்தாங்க. 1998ல முண்ணாண் முழுசா வெட்டுப்பட்ட எலிகளுக்கு, கால் நரம்புத் துண்டோட சேத்து வெச்சுப் பழக்கின மக்ரோபேஜப் போட்டாங்க, சிலதுக்குப் பின்னங்கால்ல கொஞ்சம் அசைவு திரும்பினது. உலகமே எழும்பிப் பாத்தது. பொறகு மனிசர்ல ஒழுங்கா ஒப்பிட்டுப் பரிசோதிச்சாங்க, 2012ல முடிவு வந்தது, பிரயோசனம் தெரியல்ல. எனக்கு அதை வாசிச்ச அண்டைக்கு மனசு சரியில்லாமப் போச்சு.

கண்ல இன்னொரு கதை. கண் நரம்பும் முண்ணாண் மாதிரித்தான், தானா வளராது. ஆனா 2000ல எலிட கண் வில்லையச் சின்னதாக் காயப்படுத்தினா கண்ணுக்குள்ள மக்ரோபேஜ் வந்து நிறையுது, கண் நரம்பிழை வளரத் தொடங்குது எண்டு கண்டாங்க. அந்தக் குழியங்கள் விடுற ஒங்கோமொடியூலின் எண்ட புரதம் அதுக்கு ஒரு காரணம் எண்டு 2006ல சொன்னாங்க. ஈஸ்ட்ல இருந்து எடுக்கிற ஒரு பொருளக் கண்ணுக்குள்ள ஊசியாப் போட்டாலும் அதே மாதிரிக் குழியங்கள் வந்து அதே மாதிரி வளந்தது. ஆனா அதே பொருள முண்ணாண்ல போட்டா ஒரு பக்கம் இழை வளருது, பக்கத்துலயே நல்ல நரம்புக்கலம் சாகுது. 2020ல இன்னும் முழுசா முதிராத ஒரு வகை நியூட்ரோபில எடுத்துப் பாத்தாங்க, எலிகள்ல கண் நரம்பையும் முண்ணாண் இழையையும் அது வளர்த்தது. அப்ப இப்ப தேடுறது, ஆத்துற குழியத்த மட்டும் பிரிச்செடுக்கிற வழி.

மருந்தா வந்திட்டு எண்டு ஆரும் உங்களுக்குச் சொல்லி காசு கேட்டா, ஸ்டெம்செல் எண்டு சொன்னாலும் சரி, குடுக்காதீங்க தம்பி, காணி வித்துக் குடுத்தவங்களை எனக்குத் தெரியும். அண்ணன்ட கேள்விக்குப் பதில் அங்க ஒரு குப்பை அள்ளுற ஆள் இல்ல எண்டதுதான். அவருக்கு இத வாசிச்சுக் காட்டு. வேற கேள்வி இருந்தா அவரையே இங்க எழுதச் சொல்லு.


கிரான் தம்பி:

வாசிச்சுக் காட்டினன் ரீச்சர். கன நேரம் பேசாம இருந்தார். பொறகு, அப்ப என்ட உடம்பு முயற்சி செய்யாம விட்டதில்ல எண்டு கேட்டார். ஓம் எண்டன்.


மருதமுனைப்புள்ள:

ரெண்டு மாசத்துக்குப் பொறகு எழுதுறன், பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. கிரான் தம்பிட அண்ணனுக்கும் எங்கட ஊட்டுல எல்லாரும் துஆ செய்யிறம்.

வாப்பாட உள்ளங்கையில இப்ப எட்டு நீலக் கோடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முதல் தம்பி தட்டுவான், நான் அளப்பன், பழைய கோடு கழுவப்பட்டா அதை மறுகா எழுதிட்டுத்தான் புதுசு. ஒரு கிழமை ஒண்டுமே அசையல்ல, அண்டைக்கு வாப்பா சாப்பிடல்ல, அடுத்த கிழமை ஒரேயடியா ஒண்டரை சென்ரிமீற்றர். இப்ப சுட்டுவிரல் அடிக்கணுவுல நிக்கி. உள்ளங்கை நடுவுல சாக்கையும் சாரன் துணியையும் கண்ண மூடிட்டுப் பிரிச்சுச் சொல்றாரு, ஆனா துணி பட்டா கூசுது, முள்ளுக் குத்துற மாதிரி இரிக்கி எண்டுறாரு. பிசியோ காக்கா, இது நல்லதா?

பெருவிரல் மேட்டுச் சதை வத்திப்போயிருந்துச்சே, அதுல போன செவ்வாய் ஒரு துடிப்பு, நாங்க எல்லாரும் கண்டம்.

நூல் நம்பர் இன்னும் தெரியல்ல. நேத்து உருட்டிப் பாத்தாரு, பெருவிரல் நுனிக்கு இன்னும் வரல்ல. வெச்சிட்டு இடது கையால உருட்டி, நாப்பது எண்டாரு.


பிசியோ கல்முனை:

கூசுறது நல்லது, புது இழை அப்படித்தான் முதல்ல பேசும், எதுவும் கூடுதலாக் கேக்கும். பஞ்சுல தொடங்கி மெல்லிய துணி, பொறகு சாக்கு, ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம் அஞ்சு நிமிசம் தேய்ச்சுப் பழக்குங்க. கண்ணத் தொறந்து ஒருக்கா, மூடி ஒருக்கா. ஊட்டுல நூல் இரிக்கிதானே, வெவ்வேறு நம்பர் நூல் கட்டி ஒரு அட்டையில ஒட்டிக் குடுங்க, வேற சாமான் ஒண்டும் வாங்கத் தேவையில்ல.